முப்பத்தெட்டு நிமிடக் கோச்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நான் கூடைப்பந்து கோச்சாக இருந்திருக்கிறேன். மொத்தம் முப்பத்தெட்டு நிமிடங்கள். ஆட்டம் நாற்பது நிமிடம் என்று தெரிந்தவர்களுக்கு, கடைசி இரண்டு நிமிடம் இவன் எங்கே போனான் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். ஈஜிபுராவில் வாடகை வீடு. நந்தினி கல்லூரி நாட்களிலிருந்தே கூடைப்பந்து ஆடுபவள்; அவள் ஆபீஸ் பெண்கள் அணிக்கு அவள்தான் கேப்டன். நான் வேலூரில் படித்தபோது கூடைப்பந்து மைதானத்தின் ஓரமாக தினமும் நடந்திருக்கிறேன் (கேன்டீனுக்கு அதுதான் குறுக்குவழி). மற்றதெல்லாம் டிவி பார்த்துச் சேர்த்த ஞானம்.

ஆபீஸ்களுக்கு இடையிலான போட்டியில் அவள் அணி பிளே-ஆஃப் வரை வந்துவிட்டது. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் இறுதிப் போட்டி. முதல் ஆட்டத்தில் பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் செம அடி. எதிரணியில் ஆஷா என்று ஒரு நெட்டைப் பெண். எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள்தான் விழுந்தது. போதாக்குறைக்கு, நந்தினி அணியின் கோச் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்.

"நான் வர்றேன்," என்றேன்.

புது மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே மறுக்க நந்தினிக்கு மனம் வரவில்லை. (இன்றைக்குக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு மாவு அரைக்கச் சொல்லியிருப்பாள்.)

தோற்ற ஆட்டத்தின் வீடியோவை ஏழு முறை பார்த்தேன். அந்தக் கவனத்தை ஆபீஸ் வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் மேனேஜராகியிருப்பேன். இரண்டு தந்திரங்கள் பிறந்தன. ஒன்று, ஐந்து பேரும் நம் கூடைக்குக் கீழே பின்வாங்கி வந்து ஆளுக்கோர் இடத்தைக் காப்பது. இரண்டு, எல்லோரும் முன்னேறிப் போய் எதிரணியை அவர்கள் பாதியிலேயே மடக்குவது.

"ஆஷாவ விடுங்க," என்றாள் நந்தினி. "அவளுக்குப் பந்து குடுக்கறது அந்தக் குட்டைப் பொண்ணுதானுங்க. அவளப் புடிச்சா போதும்."

"உள்ள நின்னு ஆடறவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. வெளிய இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்," என்றேன். இப்படிப் பேசிய அந்த ஆளை இன்று வழியில் பார்த்தால் நானே ஓர் அறை விடுவேன்.

தந்திரத்தைக் கத்திச் சொன்னால் எதிரணிக்குப் புரிந்துவிடுமே? அதனால் சங்கேதப் பெயர்கள் வைத்தேன். பின்வாங்கி வருவதற்கு 'மாமா'. முன்னேறி மடக்குவதற்கு 'அத்தை'. கன்னடம், மலையாளம், இந்தி என்று அணியில் இருந்த எல்லோர் வாயிலும் நுழையும் சொற்கள். எதிரணியின் காதில் விழுந்தாலும் ஏதோ குடும்பப் பிரச்சினை என்று விட்டுவிடுவார்கள்.

ஞாயிறு காலை, மல்லேஸ்வரத்தில் ஒரு திறந்தவெளி மைதானம். மகள் ஆடுவதைப் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்த என் மாமனாரும் மாமியாரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பாவும் அம்மாவும் வந்துட்டாங்க. அந்தப் பேரை மாத்திருங்க," என்று நந்தினி காதோரம் சொன்னாள்.

"கடைசி நேரத்துல மாத்தினா டீம் குழம்பிடும்," என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் பாதியில் என் தந்திரம் வேலை செய்தது! "அத்தை!" என்று நான் கத்தினால் ஐந்து பெண்களும் புலியாகப் பாய்ந்தார்கள். ஆறு புள்ளி முன்னிலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் இரண்டு முறை எழுந்து, "என்னுங்க மாப்ள?" என்று கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். எனக்குக் காதே கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் ஆஷா தூரத்திலிருந்து எறிய ஆரம்பித்தாள். புள்ளிகள் மூன்று மூன்றாக ஏறின. முன்னேறி ஓடி ஓடி எங்கள் பெண்களுக்கு மூச்சு வாங்கியது. நான் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்க் கத்தினேன்:

"அத்தை வேணாம்! அத்தையை விட்டுடுங்க! அத்தையால ஒரு பிரயோஜனமும் இல்ல!"

மாமியார் பையை எடுத்துக்கொண்டு நான்கு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். நடுவர் என்னிடம் வந்து, இன்னொரு முறை கலாட்டா செய்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரித்தார்.

இரண்டு நிமிடம் பாக்கி. எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து எதிரணியிடம். கூடைக்குக் கீழே ஒருவரும் இல்லை!

"மாமா! மாமா, உள்ள வாங்க! சீக்கிரம் உள்ள வாங்க!"

வந்தார்.

மகளுக்கு என்னவோ ஏதோ என்று பதறி, வேட்டியை மடித்துக் கட்டியபடி, செருப்புக் காலோடு ஆடுகளத்தின் நடுவே ஓடி வந்தார். குட்டைப் பெண் ஆஷாவுக்கு வீசிய பந்து மாமாவின் தோளில் பட்டுத் தெறித்தது. அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த தடுப்பு அதுதான்.

விசில்.

"யாரு இவரு?" என்றார் நடுவர்.

"மாப்ள கூப்புட்டாருங்க, வந்தேனுங்க," என்றார் மாமா.

"இப்பரூ ஹொரகெ ஹோகி!" என்று கன்னடத்தில் கர்ஜித்து, எங்கள் இருவருக்கும் வெளி கேட்டைக் காட்டினார் நடுவர். எதிரணிக்கு ஓர் இலவச எறிதல் வேறு கிடைத்தது. உள்ளே விழுந்தது. இப்போது இரண்டு புள்ளி பின்னால்.

கம்பி வேலிக்கு வெளியே நானும் மாமாவும் நின்றோம். உள்ளே நந்தினி எல்லோரையும் வட்டமாகக் கூட்டினாள். "மாமாவும் வேண்டாம், அத்தையும் வேண்டாம். ரெண்டு பேர் அவள மட்டும் புடிங்க," என்று அந்தக் குட்டைப் பெண்ணைக் காட்டினாள்.

அப்புறம் குட்டைப் பெண்ணால் பந்தைக் கொடுக்க முடியவில்லை. ஆஷா கையை நீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். நந்தினி பந்தைத் தட்டிப் பறித்தாள். கூடை! சமம்! பத்து நொடி இருக்கும்போது ஷீபா என்ற மலையாளப் பெண் மறுபடி பறித்து நந்தினிக்கு வீசினாள். நந்தினி ஓடினாள். நான் வேலியை உலுக்கினேன், மாமா என்னை உலுக்கினார். "போடு கண்ணு, போடு!" பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது!

மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று கூட அவர் கைகுலுக்கியதோடு சரி.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பழைய கோச் வந்துவிட்டார். நான் பார்வையாளர் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு புள்ளியில் தோற்றார்கள். அந்தத் தோல்விக்கு நான் காரணமில்லை என்ற சந்தோஷத்தை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போதும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால், "உள்ள வாங்க மாமா" என்று நான் சொன்னதும் வாசலிலேயே நின்றுவிடுவார். "என்னையத்தானுங்களே கூப்புடறீங்க மாப்ள?" என்று உறுதிசெய்துகொண்டுதான் காலை உள்ளே வைப்பார். சமையலறையிலிருந்து நந்தினி விசிலடிப்பாள்.

அவருக்குப் பின்னால் பையோடு நிற்கும் அத்தை, முகத்தில் துளி சிரிப்பில்லாமல் கேட்பார்:

"நான் வரலாமுங்களா மாப்ள, இல்ல இன்னும் பிரயோஜனம் இல்லீங்களா?"