தொட்டில் சாமியின் ரத்தத் தீர்த்தம்

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் புதுவாயல் கூட்டுரோட்டில் கொல்கத்தா லாரிகூட ஊர்ந்துதான் போகும். மூடிக் கிடந்த டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். வரிசையின் வால் நெடுஞ்சாலையைத் தொடும். உள்ளே தொட்டில் சாமி எழுந்தருளியிருப்பார்.

வாசலில் பிளெக்ஸ் பேனர். "கருவைக் காக்கும் கலியுகத் தெய்வம். தோஷம் நீங்க முன்பதிவு அவசியம். செல்போனிலும் காணிக்கை செலுத்தலாம்." தெய்வம் காலத்தோடு ஒத்துப்போகிற தெய்வம்.

சாமிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தொட்டில் தொங்கும். அதில் பிள்ளை கிடந்து யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டிதான் அதில் கிடக்கும். சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய், ஒரு துண்டு என்று எல்லாம் உள்ள பெட்டி. வரிசையில் வருகிறவள் பெட்டியைத் தொட்டிலில் கிடத்திக் கும்பிட வேண்டும். அதுதான் பரிகாரம்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சாமியின் வாயாலேயே கேளுங்கள்.

"கவருமென்ட்டு பொட்டி மேல எத்தினி கண்ணு பட்டுக்கீது தெரியுமா? ஆபீசரு கண்ணு, கம்பவுண்டரு கண்ணு, பொட்டி கெடைக்காதவ கண்ணு. அத்த ஊட்ல வெச்சா கரு தங்குமா? உள்ள கீற மருந்துல இரும்பு. குடிச்சா காலையில இன்னா கலர்ல போவுது? கறுப்பா போவுதா இல்லியா? பெத்தவளுக்கே அப்டின்னா புள்ளைக்கு?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீந்த இரும்புதான் அப்படிப் போகிறது, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஆஸ்பத்திரி நர்சம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் நர்சம்மாவுக்கு ஜடாமுடி கிடையாதே!

"பொட்டிய அம்மன் காலடில வெச்சி, பழவேற்காடு ஏரில கரைச்சிடுவேன். தோஷம் தண்ணியோட போயிடும்" என்பார் சாமி. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் படம் ஒட்டிய பாட்டிலில் 'ரத்தத் தீர்த்தம்' தருவார். விலை முந்நூறு. வெள்ளிக்கு வெள்ளி ஒரு மூடி மட்டும் குடிக்க வேண்டும், மீறிக் குடித்தால் அம்மன் கோபிப்பாள்.

இதையும் நம்பாதவர்களுக்காக ஓர் அற்புதம் வைத்திருந்தார். சொம்பில் மஞ்சள் தண்ணீர். அதில் சாமி ஒரு சிட்டிகைத் திருநீறு போடுவார். தண்ணீர் குப்பென்று சிவக்கும். "பாத்தியா, ரத்த தோஷம்!" மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த கைகளுக்கெல்லாம் தெரியும். ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் ஆரத்தி கரைத்த கைகள்தான் அத்தனையும். அந்தக் கைகள்தான் கூப்பிக்கொண்டு நின்றன.

நம் மதனும் அங்கே கை கூப்பிக்கொண்டு நின்றான்.

மதனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் எண்ணெய் பேக்கிங் கம்பெனியில் வேலை. லைனின் கடைசியில் நின்று பாட்டில் சரிபார்க்கிற வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூடி திருகுகிற ஒவ்வொரு பெண்ணும் தன் நம்பர் அச்சடித்த வட்ட ஸ்டிக்கரைப் பாட்டிலின் அடிக்குழியில் ஒட்டிவிடுவாள். மூடி ஒழுகினால் யார் கை என்று தெரிய வேண்டுமல்லவா? மதன் பாட்டிலை எடுப்பான், தலைகீழாகத் திருப்புவான், நம்பரைப் பார்ப்பான், அட்டைப்பெட்டியில் வைப்பான். எட்டு மணி நேரமும் இதேதான். பழகிப்போன கை, வீட்டில் தேங்காயெண்ணெய் பாட்டிலையும் ஓட்டலில் சாஸ் பாட்டிலையும் திருப்பும். ஒருமுறை டீ கிளாசைத் திருப்பி முதலாளியின் செருப்பை நனைத்திருக்கிறான்.

நாற்பத்தேழாம் நம்பர் பாட்டில் மட்டும் ஒழுகியதே இல்லை. அந்த நாற்பத்தேழு யார் என்று தேடிப் போய்த்தான் அஸ்வினியைக் கட்டிக்கொண்டான்.

அப்படிப்பட்டவன் இங்கே ஏன் வந்தான்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் அஸ்வினிக்கு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதவன் அவன். இந்தத் தடவை எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பயந்தான். அந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்துக்கு முந்நூறு ரூபாய் விலை ஒட்டியவன்மீதுதான் ஆத்திரம் வருகிறது.

முதல் பெட்டியை மூன்றாம் மாதமே தொட்டிலில் போட்டுவிட்டான். வாந்தியில் சுருண்டு கிடந்த அஸ்வினி "என்னமோ பண்ணு" என்று விட்டுவிட்டாள். அந்த வரிசையில்தான் பழவேற்காட்டு மீன்காரி சின்னப்பொண்ணு அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

"நம்பு நைனா. எம்பொண்ணுக்கு ரத்தம் எட்டு தான் இருந்துச்சு. தீர்த்தம் குடிச்சா, இப்ப பதினொண்ணு! அம்மன் சக்தி."

ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் அஸ்வினிக்கு ரத்தம் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் பத்து இருந்தது, இப்போது எட்டுக்கு இறங்கியிருந்தது.

"டானிக் ஒழுங்கா குடிக்கிறியா?" என்றார் நர்சம்மா.

மதன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இப்டியே எறங்கினா பிரசவத்துல உயிருக்கே ஆபத்தும்மா. மாத்திரை தரேன், ரெண்டாவது பொட்டியும் தரேன். ஒரு மாசத்துல ரத்தம் ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் அஸ்வினி பெட்டியைத் திறந்தாள். மூன்று டானிக் பாட்டில். ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். பிறகு அலமாரியிலிருந்த ரத்தத் தீர்த்தத்தை எடுத்து முகர்ந்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். இரண்டிலும் அதே துரு வாசனை, அதே தித்திப்பு.

"மாமா, ரெண்டும் ஒண்ணு தான்."

"அம்மன் தீர்த்தத்த போயி மோந்து பாக்கறியே, உனுக்கு இன்னா கொழுப்பு! இன்னொரு வாட்டி எதுனா ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதும்மே."

அஸ்வினி அதற்குமேல் வாதாடவில்லை. பயந்தவனிடம் வாதாடிப் பயனில்லை, அவன் கையில் எதையாவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"செரி மாமா. பொட்டிய குட்த்துடலாம். ஆனா ரெண்டு பாட்டிலு என்கிட்ட இருக்கட்டும், நர்சம்மா கேட்டா காட்டணும். ஒரு பாட்டிலு சாமிக்கு போதும்."

மதன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அவள் தன் பழைய கம்பெனிப் பையைக் குடைந்து எதையோ எடுத்ததை அவன் கவனிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி தொட்டிலில் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் தீர்த்தம் வாங்கப் போனார்கள். கூட்டம் தாங்கவில்லை. சாமியின் சீடன் தணிகாசலம் வியர்த்து வழிந்தான். வாரத்துக்கு ஒரு புதுத் துண்டு போடுகிற பாக்கியசாலி அவன். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே கரை.

"யாருனா கை குடுங்கப்பா, பாட்டிலு எட்த்து குடுக்கணும்" என்றான்.

மதன் ஓடினான். சாமிக்குத் தொண்டு செய்கிற பாக்கியம் லேசில் கிடைக்குமா?

அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். குனிந்து பாட்டிலை எடுப்பான், வரிசையில் நிற்கிறவளிடம் கொடுப்பான். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பி அடியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தது. வெறும் அடி. வெறும் அடி. வெறும் அடி. இருபது பாட்டிலுக்கு மேல் அப்படிப் போயிருக்கும்.

அடுத்த பாட்டிலைத் திருப்பினான். அடிக்குழியில் வட்ட ஸ்டிக்கர். மதனின் கை அப்படியே நின்றது.

"இன்னா நைனா, லைனு நின்னுபோச்சு?" என்றாள் முன்னால் நின்ற சின்னப்பொண்ணு.

மதன் அஸ்வினியைப் பார்த்தான். வயிற்றில் கை வைத்தபடி அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நம்பரு மாமா?" என்றாள், கம்பெனியில் கேட்கிற அதே குரலில்.

"நாப்பத்தேழு."

"யாரு கை அது?"

"உங்கை தான்."

வரிசை முழுக்க எக்கிப் பார்த்தது. சாமி மட்டும் அசரவில்லை. "அது அம்மன் எண்ணுடா! நாலும் ஏழும் கூட்னா பதினொண்ணு. பதினொண்ணு சக்தியோட எண்ணு!"

"கணக்கு அப்பறம் போடலாம் சாமி" என்றாள் அஸ்வினி. "போன வாரம் என் பொட்டியோட உங்க தொட்டில்ல போட்ட பாட்டிலு இது. அடியில நான் தான் ஒட்னேன். ஏரில கரைச்சிட்டேன்னு சொன்னீங்களே. கரைஞ்ச பாட்டிலு புதுவாயலுக்கு எந்த பஸ்ல வந்துச்சு?"

"அம்மன் திருப்பி அனுப்பிச்சாடி!"

சின்னப்பொண்ணு இடுப்பில் கை வைத்தாள். "நான் தெனம் அந்த ஏரில தான் வல போடறேன். எறா மாட்டும், நண்டு மாட்டும், செருப்பு கூட மாட்டிக்கீது. இன்னிவரிக்கும் ஒரு பொட்டி மாட்டல. எந்த பக்கம் கரைச்ச நீ?"

"இதுக்கு போயி இன்னாத்துக்கு சண்ட?" என்றாள் அஸ்வினி. "எல்லாரும் அம்மன் படத்த நகத்தால சொரண்டுங்க. பொய்யின்னா நானே சாமி கால்ல உழுறேன்."

யாரும் அசையவில்லை. அம்மன் படத்தைச் சுரண்டுவதா? கண் போய்விட்டால்? கூட்டம் மதனைப் பார்த்தது. ரத்தம் எட்டு என்று நர்சம்மா சொன்னது அவன் காதில் ஒலித்தது. மூன்று மாதமாகத் தன் பெண்டாட்டியின் ரத்தத்தைத் தானே கொண்டுவந்து இந்தத் தொட்டிலில் கொட்டியிருக்கிறோமோ என்று நினைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினான்.

அம்மன் உரிந்து வந்தாள். கண் போகவில்லை. அடியில் இருந்ததை அந்தக் கண்ணாலேயே உரக்கப் படித்தான்.

"அரசு விநியோகம். விற்பனைக்கு அல்ல."

அதற்குப் பிறகு கொட்டகையில் நகச் சத்தம்தான் கேட்டது. நாற்பது பெண்கள், நாற்பது பாட்டில்; கையில் இல்லாதவர்கள் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சுரண்டச் சுரண்ட எல்லாவற்றிலும் அதே எழுத்து. சோம்பேறிச் சாமி, பழைய லேபிளைக் கிழிக்கக்கூட அலுத்துக்கொண்டு மேலேயே ஒட்டியிருக்கிறார். சுரண்டிப் பார்க்கிற பக்தை ஒருத்திகூட வரமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்தர்கள் சாமியை நம்பியதைவிடச் சாமி பக்தர்களை நம்பியது அதிகம்.

சின்னப்பொண்ணு மட்டும் குழம்பி நின்றாள். "இரும்மா. அப்ப எம்பொண்ணுக்கு ரத்தம் ஏறிச்சே, அது?"

"உம்பொண்ணு எப்டி குடிச்சா?" என்றாள் அஸ்வினி.

"அவளுக்கு இனிப்புன்னா உசுரு. வெள்ளிக்கெழம வரிக்கும் யாரு காத்துக்கினு இருக்கறதுன்னு தெனம் ரெண்டு வேள குடிச்சா."

"அவ சாமி பேச்ச மீறி குடிச்சா, ரத்தம் ஏறிச்சு. நான் சாமி பேச்ச கேட்டு வாரத்துக்கு ஒரு மூடி குடிச்சேன், எறங்கிச்சு. டானிக்குக்கு சாமியும் தெரியாது, வெள்ளிக்கெழமயும் தெரியாதுக்கா."

சாமி எழுந்து பின்பக்கம் நழுவப் பார்த்தார். அவசரத்தில் ஜடாமுடி தொட்டில் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. சாமி போனார், முடி தங்கியது. வழுக்கைத் தலையைப் பார்த்ததும் வரிசையில் ஒருத்தி அலறினாள்: "ஐயோ, இது நம்ம துளசிராமன்! காக்களூர்ல சீட்டு புட்ச்சி ஓடனவன்!"

திரைக்குப் பின்னால் கூரை முட்ட அரசாங்கப் பெட்டிகள், சாமிக்குத் தப்ப வழியில்லை. தணிகாசலம் துண்டை உதறிவிட்டு ஓடப் பார்த்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்பது பேர் வழிமறித்து நின்றால் எந்த வீரன் தாண்டுவான்? போலீஸ் ஜீப் வருகிறவரை இருவரும் தொட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜீப் போன பிறகும் ஒருத்தி கொட்டகை வாசலிலேயே நின்றாள். அவளுக்கு உண்மையாகவே துக்கம். "சாமிய புட்ச்சி குட்த்துட்டீங்க. அடுத்த வெள்ளிக்கெழம நாங்க எங்க போறது?"

"ஆஸ்பத்திரிக்கு போ" என்றாள் அஸ்வினி. "அங்க செவ்வாக்கெழம. காணிக்க கெடையாது."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பாதி வழியில் மதன் கேட்டான். "மூணு மாசம் பாழாக்கிட்டேன்ல?"

"ஆமா" என்றாள் அவள். இல்லை என்று சொல்லி அவனைத் தேற்றவில்லை. "இனிமே தெனம் நீயே ஊத்திக் குடு."

ஊற்றிக் கொடுத்தான். காலையும் மாலையும், தவறாமல். அடுத்த மாதம் ரத்தம் ஒன்பதரையைத் தாண்டியது. நர்சம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

அந்தத் தகரக் கொட்டகை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் திருப்பாச்சூர் பக்கம் 'பால் சித்தர்' என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறாராம். பிள்ளை பெற்றவர்களுக்கு அரசாங்கம் வங்கியில் போடுகிற உதவிப் பணத்தில் தோஷம் இருக்கிறதாம், பணத்தை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தால் கழித்துத் தருகிறாராம். வரிசை இப்போதே ரோட்டைத் தொட்டுவிட்டது என்கிறார்கள்.

முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிற எண்ணெயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வயிற்றுப் பிள்ளையையே ஒப்படைக்கிற சாமியையும் ஒரே ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? மிஞ்சிப்போனால், ஒரு ஜடாமுடி கழன்று விழும்.