நைட்டி ஸ்டாப்

நைட்டியோடும் மாவுக்கட்டுக் காலோடும் கம்பெனி பஸ் ஏறிய பெண் ஒருத்தி மாதனூர் பக்கத்தில் இருக்கிறாள் என்று யாராவது சொன்னால், கதை விடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அது நான்தான்.

ஷூ கம்பெனியில் பதினாலு வருஷமாகத் தையல் லைன் சூப்பர்வைசர். (வேறொன்றுமில்லை, மேலே திட்டு வாங்கிக் கீழே பங்கிட்டுக் கொடுக்கும் வேலை.) போன வருஷம் கம்பெனிப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு சேரவேண்டிய அளவுக்குச் சேரவில்லை.

"இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம். சேரலன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை என்னுடையது. கால் போனால் எல்லாம் போச்சு.

எனக்கு ஊன்றுகோல் பழக்கிவிட்ட பிசியோதெரபிப் பெண் ரேவதி, என் தோளைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டாள். "இன்னாக்கா, கல்லு மாதிரி இருக்குது. தூங்குறீங்களா?"

"எங்க தூங்குறது? பொழுதுக்கும் போன். லைன்ல நான் இல்லன்னா ஒரே பேஜாரு."

"ஷிப்மென்ட் அவசரத்துல மெஷின நிறுத்தி சர்வீஸ் பண்ணுவீங்களா?"

"அது எப்படி? சரக்கு போனப்புறம்தான்."

"உங்க உடம்பும் அதான் பண்ணுது. எந்நேரமும் பதட்டமா இருந்தா நரம்பெல்லாம் ஓடுறதுக்கு ரெடியாவே நிக்கும். தூக்கமும் கம்மின்னா ரிப்பேர் வேலை தள்ளித் தள்ளிப் போவும்."

"எனக்கின்னா பதட்டம்?" என்று பதட்டமாகக் கேட்டேன்.

பதில் மறுநாள் காலை ஆறு இருபதுக்கு வந்தது. எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ் இரண்டு ஹாரன் அடிக்கும். மூன்றாவது கிடையாது, போய்விடும். பதினாலு வருஷமாக அந்த இரண்டாவது ஹாரனுக்குள் பாதித் தோசையை வாயில் வைத்துக்கொண்டு ஓடியவள் நான். கால் உடைந்த பிறகும் தினமும் அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருவேன். அன்றைக்கு விடியும்போதுதான் கண் அசந்திருந்தேன்.

ஹாரன் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், பஸ்ஸில் என் வழக்கமான ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே நைட்டி. தோளில் துண்டு. கையில் கைப்பை என்று நினைத்து எடுத்தது எக்ஸ்ரே கவர். ஊன்றுகோல் இரண்டும் வீட்டில். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

பக்கத்து சீட் கல்பனாதான் மெல்லக் கேட்டாள். "அக்கா, ஐடி கார்டு போடலையா?"

அப்போதுதான் வலி வந்தது. வலியைவிட அழுகை ஜாஸ்தியாக வந்தது. டிரைவர் ஏழுமலை அண்ணன் பஸ்ஸைத் திருப்பினார்.

என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அதிர்ந்து பேசமாட்டார். லுங்கியோடு, ஊன்றுகோல் இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார். என்னைத் தாங்கி இறக்கியவர் கண் கலங்கியிருந்தது. "இன்னா ஸ்டெல்லா, உன்ன எது இப்படித் தொரத்துது?"

"எனக்கே தெரியலங்க" என்றேன். அது சத்தியமான உண்மை.

விரிசல் விட்ட கட்டைப் பிரித்து வேறு போட்டார்கள். டாக்டரிடம் வாங்கிய திட்டைப் பங்கிட்டுக் கொடுக்கக் கீழே ஆளில்லாததால் முழுசாக நானே வைத்துக்கொண்டேன். என் போன் வீட்டுக்காரர் சட்டைப் பைக்குப் போனது.

நாலாம் நாள் கண் விழித்தால் ஜன்னலில் சுள்ளென்று வெயில். மணி எட்டு. பதறிப்போய், "பஸ் வரலையாங்க?" என்றேன்.

"வந்துச்சு, போய்டுச்சு. மூணு நாளா அப்படித்தான்."

"ஹாரன்?"

அவர் சிரித்துக்கொண்டே காபி ஆற்றினார். மகள்தான் போட்டு உடைத்தாள். தினமும் ஆறு மணிக்கே அப்பா தெருமுனையில் போய் நிற்கிறாராம். பஸ் தெரிந்ததும் ஒரு கையைத் தூக்கி, இன்னொரு கையால் வாயில் விரல் வைத்துக் காட்டுவாராம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி. ஏழுமலை அண்ணன் ஹாரன் அடிக்காமல் உருட்டிக்கொண்டு போக, உள்ளே இருக்கிற நாற்பது பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு திரும்பத் தூங்கினேன்.

அந்த மாசக் கடைசியில் எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், எலும்பு சேர்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

இப்போது பழையபடி லைனில் நிற்கிறேன். எங்கள் தெருமுனைக்குக் கம்பெனி முழுக்க 'நைட்டி ஸ்டாப்' என்றுதான் பெயர். புதிதாகச் சேர்ந்த பெண்கள் விவரம் தெரியாமல் என்னிடமே, "மேடம், நைட்டி ஸ்டாப்ல யாருனா எறங்குவாங்களா?" என்று கேட்கிறார்கள். ஏழுமலை அண்ணன் இன்றைக்கும் அங்கே ஹாரன் அடிப்பதில்லை.

வீட்டில் நான் காரணமில்லாமல் பரபரத்தால், என் வாத்தியார் ஒரு கையைத் தூக்கி, வாயில் விரல் வைத்துக் காட்டுவார். "பஸ்ஸு போய்டுச்சு, ஸ்டெல்லா. ஒக்காரு."

உட்கார்ந்துவிடுகிறேன்.