கடைசி வரிசை, கதவோரம்

திரை உயரச் சில நிமிடங்களே இருக்கும்போது கிளெனிஸ் தன் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பைக்குள்ள வைன்னு சொன்னேனே," என்றான் டெரிக். கணவர்களுக்கென்றே விதிக்கப்பட்ட வாக்கியம் அது.

பாடகன் ரிக்கி லார்க்கைப் பார்க்க அவள் பதினாறு வயதில் லீட்ஸுக்குப் போனாள். மேடை விளிம்புக்கு வந்து அவன் கையை நீட்டியதும் மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது தெரிந்தது ஆம்புலன்ஸ்காரரின் மீசை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மனதில் நிற்பதும் அந்த மீசைதான். இப்போது ரிக்கி, கிறிஸ்துமஸ் கால வேடிக்கை நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டு அவள் ஊரான கிரிம்ஸ்பிக்கே வந்திருக்கிறான். இந்த முறையாவது அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும்.

டெரிக் கண்ணாடிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தான். ஒரு கண்ணுக்குப் பிளாஸ்திரி தெரிந்தது. மறு கண்ணுக்கு அதுவும் தெரியவில்லை.

"கடல் கொள்ளைக்காரி மாதிரி இருக்கே."

"வாயை மூடிட்டு வேற ஏதாவது பண்ணு."

அரங்கில் இடம் காட்டும் மொய்ராவிடம் கேட்டு பைனாகுலர் வாங்கி வந்தான். அவர்கள் உட்கார்ந்திருந்த இரண்டாம் வரிசையிலிருந்து பார்த்தால் திரைச்சீலையின் ஒட்டுப்போட்ட இடம் ஒன்று பூதாகரமாகத் தெரிந்தது.

"இங்க இருந்தா அவரு மூக்கு ஓட்டைதான் தெரியும். தள்ளிப் போகணும்."

"ஆகஸ்ட் மாசமே மழையில நின்னு வாங்கின இடம், கிளெனிஸ்."

கடைசி வரிசையில் கதவோரம் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். இடம் மாற்றிக்கொள்ள அவர்களிடம் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் பாதியில் ராஜா வரவே இல்லை. வேட்டைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இடைவேளையில் டெரிக் ஐஸ்கிரீம் வாங்கப் போனான். மீண்டும் விளக்கணைந்ததும், சமையல்காரி வேஷம் போட்ட ஒரு தடியர் மேடையில் நின்று, "நம்ம ராஜா எங்க காணோம்?" என்றார்.

"பின்னாடி!" என்று குழந்தைகள் கத்தினார்கள்.

"எங்க?"

"பின்னாடி! பின்னாடி!"

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லா நாடகத்திலும் கத்துவதுதான். கிளெனிஸும் தொண்டை வலிக்கக் கத்தினாள். பைனாகுலரில் தடியருக்குப் பின்னால் ஒரு அட்டை மரம்தான் இருந்தது.

மேடையோரத்து ஒலிபெருக்கிகளில் பாட்டு எழுந்தது. குரல் சற்றுத் துருப்பிடித்திருந்தது. ஆனால் அதே குரல்தான். அவள் பைனாகுலரை இடமும் வலமும் ஓட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு கை விழுந்தது.

"கையை எடு. பாட்டைக் கேக்க விடு," என்று திரும்பாமலே அந்தக் கையில் சுள்ளென்று ஒரு அடி போட்டாள். கை விலகியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினாறு வயதில் அவள் இருந்த அறையின் சுவர், அதில் ஒட்டிய அவன் படம், பள்ளிக்கூட பஸ், எல்லாம் அந்தக் குரலுக்குள் இருந்தன.

கண்ணைத் திறந்தபோது ராஜா மேடையில் இருந்தான். பைனாகுலர் கண்ணீரில் மங்கி, ஒரு சிவப்புக் கறை மட்டும் தலைவணங்கியது.

எல்லாரும் கிளம்பிய பின் வாசலில் பைனாகுலரை மொய்ராவிடம் நீட்டினாள். பக்கத்தில் டெரிக், கரைந்துபோன இரண்டு ஐஸ்கிரீம் கிண்ணங்களோடு நின்றான்.

"இந்தத் தடவையும் பக்கத்துல பாக்கக் குடுத்து வைக்கல," என்றாள் கிளெனிஸ். "போதாக்குறைக்கு இவன் வேற, பாட்டு நடுவுல வந்து தோளைப் பிடிக்கிறான்."

"விளக்கணைஞ்சப்புறம் இவரை நான் உள்ளயே விடலையே கண்ணு," என்றாள் மொய்ரா. "அந்தக் கதவு வழியா வந்தது ராஜாதான். போகும்போது கேட்டாரு, கதவோரம் இருந்தது யாருன்னு. இத்தனை வருஷமா அவரு கையைப் பிடிச்சு இழுத்தவங்கதானாம். பாட்டைக் கேக்கணும்னு அடிச்சு விரட்டின முதல் ஆளு நீதானாம்."