ஆட்டுக்குப் பூசிய கந்தகம்

பெண் பார்க்க வருகிற நாளன்று காலையிலா ஆட்டுக்குக் கந்தக எண்ணெய் பூசுவது? ஜெயபுரத்து அப்புத்துரை பூசினார். சொறி பிடித்த ஆடு பாவமாகப் பார்த்தது, மனம் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெயில் கந்தகத்தூளைக் குழைத்துத் தேய்த்துவிட்டார். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஆடு நேரே விறாந்தைக்குள் புகுந்து, துவைத்துப் போட்டிருந்த கதிரை உறைகளிலெல்லாம் உடம்பை உரசிச் சுகம் கண்டது.

"ஆட்டுக்கு இண்டைக்குத்தான் வைத்தியம் பாக்கோணுமோ?" என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

உண்மையில் அவருக்கு அந்த மணம் பிடிக்கும். இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது மகள் வினோஜாவுக்கு உடம்பெல்லாம் சொறி. இதே எண்ணெயோடு கூடாரங்களுக்கிடையே அவளைத் துரத்துவார். பிடித்துப் பூசிவிட்டால் மஞ்சள் மஞ்சளாக வெயிலில் நின்று சிரிப்பாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அழுகை வரும். ஆனாலும் அந்தச் சிரிப்புக்காகத் திரும்பத் திரும்ப நினைப்பார். இன்று அவள் கண்டாவளை மாப்பிள்ளை கிருசாந்தனின் படத்தைப் போனில் ஒளித்து ஒளித்துப் பார்க்கிறாள். இந்தச் சம்பந்தம் குழம்பினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

உறைகளை அவசரமாகக் கழுவினார். ஈரத்தில் மணம் இன்னும் தூக்கியது. சாம்பிராணி போட்டதில் இரண்டு மணமும் கலந்து குசினி அடுப்புவரை போய்விட்டது. கடைசியில் யன்னல்களை எல்லாம் திறந்துவிட, அது வாசல் படலையடிக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் வானும் அங்கேதான் வந்து நின்றது.

இறங்கியவர்கள் மூக்கை உறிஞ்சி, ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே வரச்சொன்னால், மாமரத்தின் கீழ் காற்று நன்றாக வருகிறதாம். கதிரை கொண்டுவந்தால், வானில் உட்கார்ந்து வந்தது போதுமாம். மாப்பிள்ளை வேலியோரமாக இன்னும் தள்ளிப் போனார். தேநீரையும் நின்றபடியே குடித்தார்கள். வெறும் தட்டோடு திரும்பிய வினோஜாவின் கண் கலங்கியிருந்தது.

அப்புத்துரை நேரே மாப்பிள்ளையின் தாய் கமலாசனியிடம் போனார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. காலமை ஆட்டுக்குக் கந்தகம் பூசினனான். வீடெல்லாம் அந்த மணம்தான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

கமலாசனி மகனைப் பார்த்தார். வான் ஓட்டிவந்த ராசுதான் வாயைத் திறந்தான்.

"ஐயா, மாப்பிள்ளை விடிய மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிக்கெண்டு கந்தகம் தூவிப்போட்டு வந்திட்டார், அந்த மணம் உங்களுக்குப் பிடிபட்டிடும் எண்டெல்லோ நாங்கள் இவ்வளவு நேரமும் உள்ள வராமல் நிக்கிறம்."