மூன்று முக்காலிகளும் ஓர் அவுஃப்லாகேயும்

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிற மனிதன் எதிலும் ஏமாற மாட்டான் என்று நாற்பது வயதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். எழுதக் குனிகிறவனுக்குக் கண் முன்னால் நிற்பது தெரியாது என்று பிறகுதான் புரிந்தது.

2009ஆம் ஆண்டு இலையுதிர்காலம். பேர்ண் மாநிலத்து லாங்கன்தாலில் இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் மேலாளர் ஹெர் கெர்பர் ஓய்வுபெறவிருந்தார். அவர் வேட்டைக்காரர். வேட்டைக்காலம் வந்துவிட்டால் அவருடைய உடம்பு மட்டும்தான் தொழிற்சாலையில் இருக்கும். பிரியாவிடைப் பரிசாக, துப்பாக்கியைத் தாங்கும் முக்காலி ஒன்று கொடுப்பதென்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நீளமான மூன்று கால்கள், உச்சியில் ஒரு கவை. அதில் துப்பாக்கியைக் கிடத்திக் குறி பார்த்தால் கை நடுங்காது. தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ("சிவா மில்லிமீட்டரைக்கூட விடமாட்டான்" என்றார்கள். அதைப் பாராட்டு என்று எண்ணி டயரியில் குறித்திருக்கிறேன்.)

துப்பாக்கியைத் தொட்டறியாத, வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடச் சாப்பிடாத நான், முதல் வேலையாக ஹெர் கெர்பரின் தோள் உயரத்தைத் திருடினேன். அவர் கோப்பி எடுக்கும்போது பின்னால் நின்று, தோள் மட்டத்தில் கோப்பி இயந்திரத்தின் பக்கவாட்டில் பென்சிலால் கோடிட்டேன். ஆளில்லாத நேரத்தில் அளந்தேன். நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். என்னுடைய உயரத்துக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலை.

இரண்டு ரயில் நிலையம் தள்ளியிருந்த வேட்டைப் பொருள் கடையின் முதியவர் நல்ல மனிதர். "கமெரா ஸ்டேடிவ் மாதிரித்தான்" என்று, கமெராவைத் தாங்கும் முக்காலியை உதாரணம் காட்டி, எனக்கு விளங்குகிற சொல்லில் விளக்கி, மூன்று முக்காலிகளைப் பரீட்சித்துப் பார்க்கத் தந்தனுப்பினார். அலுமினியத்தில் ஒன்று, கார்பனில் ஒன்று, மரத்தில் ஒன்று. மூன்றையும் வரவேற்பறையில் விரித்து நிறுத்தினேன்.

என் மனைவி வாசுகி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னப்பா இது, ஒன்பது கால்! நான் எதால போறது?"

"ஒரு கிழமை பொறும். ஆடாமல் நிக்கிறது எதெண்டு பாக்க வேணும்."

"ஒரு மானைச் சுட மூண்டு கால் வேணுமோ?"

"ஒற்றைக் காலில நிண்டா ஆடும்."

"நீங்கள் ரெண்டு காலில நிண்டே ஆடுறியளே!"

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றையும் சுமந்துகொண்டு ஊருக்கு வெளியே இருந்த மேட்டுக்குப் போனேன். துப்பாக்கிக்குப் பதிலாக என் கறுப்புக் குடை. துப்பாக்கியின் எடைக்கு இரண்டு கிலோ அரிசிப் பை இரண்டு, குடையின் இரு முனைகளிலும் தொங்கின. அலுமினியம் அசையாமல் நின்றது, ஆனால் கால் நீட்டும்போதெல்லாம் பாத்திரம் விழுந்த சத்தம். கார்பன் காற்றுக்கே சிலிர்த்தது. கடைசியாக மரத்தை விரித்துக் குடையைக் கிடத்தி, கைப்பிடியோடு கன்னத்தைச் சேர்த்தேன்.

பள்ளத்தாக்கு முழுவதும் பால்போல மூடுபனி. ஆப்பிள் மரங்களின் தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல ஒலித்தது. பனிக்குள்ளிருந்து ஒரு மான் வந்தது. நடந்து வந்ததாக நினைவில்லை. இல்லாத இடத்தில் மெல்ல உண்டாயிற்று. குடையின் நுனிக்கு நேரே நின்று, காதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மறுபடி கரைந்து போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது மணி எட்டே கால். அளவுக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

அந்த மயக்கம் தெளியாமலே திங்கட்கிழமை வந்தது. மாலை வேலை முடிந்து வந்து கைத்தொலைபேசியில் பதிவாகியிருந்த செய்தியைக் கேட்டேன். ஒரு பெண் குரல், அவசரமான பேர்ண் வட்டார ஜெர்மன். பெயர் விளங்கவில்லை. விளங்கியது இவ்வளவுதான்: "உங்கள் அவுஃப்லாகே விஷயமாக அழைக்கிறோம். மூன்று இருக்கின்றன. வெள்ளிக்கு முன் நேரில் வந்து முடிவைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும்."

இந்த நாட்டில் அகதியாக வந்து இறங்கியவர்களுக்கு அவுஃப்லாகே என்றால் என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை. அரசாங்கக் கடிதத்தில் தடித்த எழுத்தில் வரும்: நிபந்தனை. இங்கே தங்கலாம், ஆனால் இப்படி. வேலை செய்யலாம், ஆனால் அப்படி. எங்கள் குடியுரிமை விண்ணப்பம் ஒன்றரை வருடமாக நகரசபை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கிடந்தது. இப்போது நிபந்தனை போட்டுவிட்டார்கள். அதுவும் மூன்று!

பத்து வயது மகள் மீரா, "அப்பா, நான் ஒருக்கா கேக்கட்டோ?" என்று கையை நீட்டினாள்.

"இது பெரியாக்களின்ர விசயம். நீர் படியும்."

"என்ன பிழை விட்டனாங்கள்?" என்றாள் வாசுகி. முகம் வெளிறியிருந்தது. "எங்கட பாஸ்போர்ட்டை வேற ஆருக்கோ குடுக்கப் போறாங்களோ?"

"பயப்பிடாதையும். டயரியில பாத்தால் தெரியும்."

(மூன்று முக்காலிகளும் என் முழங்கையை இடித்துக்கொண்டு நின்றன. நான் அவற்றை ஒதுக்கிவிட்டு டயரியைத் தேடினேன்.)

செவ்வாய்க்கிழமை விடுப்பெடுத்து, கோட்டு சூட்டோடு, பதினொரு டயரிகளைப் பையில் சுமந்து கந்தோருக்குப் போனேன். எங்கள் கோப்பைப் பார்க்கும் ஃப்ராவ் மோசர் அமைதியான அம்மையார். அவர் கேள்வி கேட்பதற்குள் தொடங்கிவிட்டேன்.

"நிபந்தனைகள் எதற்காக என்று எனக்குத் தெரியும். சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் கண்ணாடிப் போத்தல்களைத் தொட்டியில் போட்டிருக்கிறேன். இரண்டு முறை. சலவை அறையில் எங்கள் நேரம் முடிந்து இருபது நிமிடம் கூடுதலாக இருந்திருக்கிறேன். பழைய பேப்பர்களைக் காலையில் வைக்காமல் முதல்நாள் மாலையே வெளியே வைத்தேன். ஜன்னலைத் திறந்துவைத்து மிளகாய் வறுத்ததில் மேல்வீட்டுக்காரர் இருமினார்."

ஃப்ராவ் மோசர் பேனாவை எடுத்தார். எழுதவே தொடங்கிவிட்டார் என்று கண்டதும் எனக்கு இன்னும் வேகம் பிடித்தது.

"சென்ற சனிக்கிழமை ஒரு மானைக் குறி பார்த்தேன்."

பேனா நின்றது. "எதனால்?"

"குடையால்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, எந்த நிபந்தனையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். தொலைபேசியை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். அவருடைய புருவங்கள் மெதுவாக உயர்ந்தன.

"இது வேட்டைப் பொருள் கடை. உங்களிடம் துப்பாக்கி இருக்கிறதா?"

இதே கேள்வியை, இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதத்தில், இதைவிடச் சிறிய அறையில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்று சொன்ன அதே உண்மையைச் சொன்னேன்.

"இல்லை." பிறகு, முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால், "கால்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்பது."

ஃப்ராவ் மோசர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார். மேலாளர், பிரியாவிடை, முக்காலி என்று நான் முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான், எதன்மீது துப்பாக்கியைக் கிடத்துகிறார்களோ அதற்கும் ஜெர்மனில் அவுஃப்லாகே என்றே பெயர் என்பதை விளக்கினார். விண்ணப்பத்துக்கு எந்த நிபந்தனையும் வரவில்லையாம். அதை இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். இப்போது திறக்க வேண்டியதாகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வாசுகி தலையில் கைவைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். "கேக்காததையெல்லாம் சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள். இனி எங்களுக்கு ஆர் தரப்போறான்?" அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கனவில் போத்தல்களைத் தொட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மர முக்காலியைத்தான் பரிசாகக் கொடுத்தோம். அதன் கவையைத் தோளோடு வைத்துப் பார்த்த ஹெர் கெர்பர், இவ்வளவு சரியாக எப்படி அமைந்தது என்று வியந்தார். (அந்த ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.)

வசந்தகாலத்தில் குடியுரிமைக் குழு எங்களை அழைத்தது. நீண்ட மேசையின் நடுவிலிருந்தவர் ஃப்ராவ் மோசரின் குறிப்பை உரக்க வாசித்தார். ஒரே ஒரு வரி: "விண்ணப்பதாரர் உள்ளூர் விதிகள் அனைத்தையும் மிக நுணுக்கமாக அறிந்தவர்." மேற்கொண்டு அதிகம் கேட்கவில்லை. மூவருக்கும் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், "கந்தோருக்குப் போகாதேங்கோ" என்று மறித்துவிடுவார்கள். பெரும்பாலும் என்னைத்தான்.

சென்ற மாதம் மீரா தான் கலியாணம் செய்ய விரும்புகிற பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஃப்ரிபூர்க்கில் வேலை, பெயர் தர்ஷன். வாசுகி தேத்தண்ணி வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"அங்கிள், வரேக்க உங்கட பூச்சட்டி ஒண்டைக் காரால இடிச்சுப்போட்டன். அதோட, போன வருசம் ஸ்பீடுக்கு ஒருக்காப் பிடிபட்டனான். பிறகு, அம்மாவுக்கு ஓர்லிகோனுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இஞ்ச வந்தனான்…"

"தர்ஷன்! கந்தோருக்குப் போகாதையும்!" என்று மீரா கத்தினாள். வாசுகி சமையலறைக்குள் விழுந்து விழுந்து சிரித்தாள். தர்ஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. காது சிவக்க, அடுத்து எதை ஒப்புக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் என் நாற்காலியிலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.