நாகத்துக்கு ஏற்ற துவக்கு

“வெள்ளி நிறத்தது வடிவு. ஆனா கறுப்பெண்டா எல்லாச் சீலைக்கும் பொருந்தும், என்ன?”

மங்கையற்கரசி ஐபாட்டைச் சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே தள்ளினார். குலசிங்கம் புட்டுக் குழைத்த கையோடு எட்டிப் பார்த்தார். நகைக்கடை விளம்பரத்தில் காப்புகள் அடுக்கியிருப்பதுபோல் ஐந்து கைத்துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன.

“உது என்னத்துக்கப்பா?”

“பாம்புக்கு. வேற என்னத்துக்கு? அமெரிக்காவில ஒரு தாத்தா வீடியோ போட்டிருக்கிறார். காணி வச்சிருக்கிற ஆக்கள் இடுப்பில ஒண்டு கட்டாயம் கொழுவியிருக்க வேணுமாம். பாம்பு, எலி, நரி எல்லாத்துக்கும் உதவுமாம். இந்தக் கட்டையனுக்குள்ள போடுற தோட்டா, நெல்லு விதைச்ச மாதிரிச் சிதறிப் போகுமாம்!”

மகளுக்கு மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்த அன்றுகூட மங்கையற்கரசியின் கண்கள் இப்படி மின்னியதில்லை.

குலசிங்கம் புட்டுக் கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். பாம்பு என்றால் மனிசர் பயப்பட வேண்டும். வீட்டில் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் அவர் அந்த ரப்பர்ப் பாம்பை டொலர் கடையில் வாங்கியிருந்தார்.

காணி லின்ட்சே பக்கம். அவர்கள் வீடிருந்த மில்லிக்கனில் இருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். பென்சன் எடுத்த கையோடு குலசிங்கம் அதை வாங்கியபோது மங்கையற்கரசி ஒரேயொரு நிபந்தனை போட்டார். “மிளகாய் காய்ச்சா வச்சிருப்பம். காய்க்காட்டி விப்பம்.”

மிளகாய் காய்க்கவில்லை. காய்ப்பதற்கு யாராவது தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் குலசிங்கமும் டோர்செட் பார்க் சீமோனும் இன்னும் இரண்டு நண்பர்களும் அங்கே போய், ஆட்டிறைச்சிக் கறி வைத்து, பொழுதுபடும்வரை கடுதாசிக் கட்டைக் கலைத்து முந்நூற்றுநாலு விளையாடினார்கள். வருகிற வழியில் ஸ்காபரோத் தமிழ்க் கடையில் பச்சைமிளகாய் வாங்கி, பைக்கற்றின் லேபிளை உரித்தெறிந்து, கொஞ்சம் மண் பூசி, “எங்கட காணியில காய்ச்சது” என்று வீட்டில் கொடுப்பார். லேபிள் விசயத்தில் குலசிங்கம் மிகவும் கவனமான ஆள்.

வைகாசியில் மங்கையற்கரசி தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோதுதான் படலையடிப் புல்லுக்குள் பாம்பு வந்தது. “நீர் முன்னுக்குப் போம், நான் காரைத் திருப்பிப்போட்டு வாறன்” என்று குலசிங்கம் காருக்குள்ளேயே இருந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் “ஐயோ!” என்று ஒரு சத்தம். மங்கையற்கரசி கழுத்தில் சுற்றிய சோலால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வடிய ஓடிவந்தார். வீடு வரும்வரை சோலை வாயில் இருந்து எடுக்கவில்லை. குலசிங்கத்துக்கே பாவமாக இருந்தது.

அப்படிப் பயந்த மனுசிதான் இப்போது பிஸ்ரலுக்கு நிறம் தெரிவுசெய்கிறார்.

“அம்மா, நோ. லைக்… நோ,” என்றாள் மகள் துவாரகா, சோபாவில் இருந்து தலை நிமிராமலே. “கனடாவில ஹாண்ட்கன் வாங்கேலாது. இற்ஸ் த லோ.”

மத்திய அரசாங்கத்தை நினைத்துக் குலசிங்கம் மனம் குளிர்ந்தது அதுவே முதல் தடவை.

“பிள்ளை சொல்லி நான் நம்பமாட்டன். கடையில கேப்பம்,” என்றார் மங்கையற்கரசி.

“ஓமோம், கடைக்காரன் வாயால கேட்டாத்தான் உமக்கு ஆறும். இப்பவே வெளிக்கிடும்!” என்று குலசிங்கம் கை கழுவ எழும்பினார்.

துவக்குக் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. சிவப்புத் தாடி வைத்த வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் நின்றான். மங்கையற்கரசி கைப்பையைக் கண்ணாடி மேசையில் வைத்து, “இதுக்குள்ள கொள்ளுற மாதிரி ஒண்டு எடுங்கோ” என்றார். அவருடைய ஆங்கிலம் டேகெயாரில் குழந்தைகளோடு வேலைசெய்து தேறியது, எதிர்ப்பேச்சுக்கு இடமில்லாதது.

பெடியன் பணிவாகச் சொன்னான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஐப்பசியில் இருந்து கைத்துப்பாக்கி விற்பனை தனி ஆட்களுக்கு இல்லை. காணிக்குள் பாம்புக்காக இடுப்பில் கொழுவித் திரிவதென்பது நடக்கவே நடக்காது.

“சட்டமெண்டாச் சட்டம்தானே,” என்று குலசிங்கம் பெருமூச்சு விட்டார். “வாரும், போவம்.”

“என்ன பாம்பு?” என்று பெடியன் சும்மா கேட்டு வைத்தான்.

“நாகம். படம் விரிச்சு நிண்டது.”

“மேடம், கனடாவில் நாகம் இல்லையே.”

குலசிங்கத்தின் காது சுட்டது. டொலர் கடையில் நாகம் மட்டும்தான் இருந்தது. பச்சை நிறத்தில் தவளை இருந்தது, அது பயம் தராது.

மங்கையற்கரசி பெடியனைக் கருணையோடு பார்த்தார். “தம்பி, ஒரு காலத்தில நாங்களும் கனடாவில இல்லை.”

பெடியன் யோசித்தான். அவனுக்கு அது சரியாகவே பட்டது. “அப்படியென்றால் நீங்கள் ஷொட்கன் பார்க்கலாம் மேடம். பாதுகாப்புக் கோர்ஸ் எடுத்து, லைசன்ஸ் எடுத்தால் போதும்.”

“நீட்டுத் துவக்கோ?”

மங்கையற்கரசி சுவரில் அடுக்கியிருந்தவற்றை அண்ணாந்து பார்த்தார். இதே மாதிரிச் சங்கிலி இன்னும் நீளத்திலும் இருக்கிறது என்று நகைக்கடைக்காரன் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

இரண்டு நாளில் லைசன்ஸ் விண்ணப்பம் குலசிங்கத்தின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வந்து படுத்தது. கணவனும் கையெழுத்துப் போடுகிற இடம் ஒன்று அதில் இருந்தது.

“எங்கட வீட்டுக்குத் துவக்கு வராது,” என்றார் குலசிங்கம். “ஒலிம்பிக்கில பொம்பிளையள் பறக்கிற தட்டைத் துவக்கால சுடுறதைப் பாத்திட்டு, உம்மட சிநேகிதி அன்ரனெற்றோட அந்தச் சுடுற கிளப்புக்குப் போகப்போறன் எண்டு போன மாரி முழுக்க நிண்டனீர். அப்பவும் இதைத்தான் சொன்னனான்.”

“அது விளையாட்டு, நானும் விட்டிட்டன். இது உயிரப்பா. சரி, போடாதேங்கோ. இந்தச் சனிக்கிழமை மண்வெட்டியைக் கொண்டு நானும் உங்களோட வாறன்.”

குலசிங்கம் கையெழுத்துப் போட்டார். அரசாங்கம் கடிதத்தைத் திறக்கவே மாரி வந்துவிடும், பனிக்குள் பாம்பும் இல்லை, மிளகாயும் இல்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

மங்கையற்கரசி கோர்ஸில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தார். வீடு மாறிப்போயிற்று. சொதி துலாவும் அகப்பையைக்கூட ஆட்கள் இல்லாத பக்கமாகவே நீட்டினார். துவாரகா மறந்துபோய் அகப்பைக்கு முன்னால் வந்தால், “பிள்ளை, சுடுறவருக்கு முன்னால நடக்கிறேல்லை!” என்று சத்தம் போட்டார். அரசாங்கமோ, குலசிங்கத்தின் பாஸ்போட்டுக்கு ஒருநாளும் காட்டாத வேகத்தைக் காட்டியது. இலை நிறம் மாறுமுன் லைசன்ஸ் வந்தது. அதற்குப் பின்னாலேயே துவக்கும் வந்து, பேஸ்மென்ரில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பூட்டிய அலுமாரிக்குள் குடியேறியது.

“இந்தச் சனிக்கிழமை நாகத்துக்கு முடிவு கட்டுறன்!” என்று மங்கையற்கரசி தோட்டாப் பெட்டியைக் குலுக்கினார். கிலுக்கட்டி கிடைத்த குழந்தை மாதிரி இருந்தது முகம்.

நாகம் இல்லையென்றால் துவக்குக்கு என்ன வேலை? குலசிங்கம் வியாழக்கிழமையே தனியாகக் காணிக்குப் போனார். படலையடியில் இருந்த ரப்பர் நாகத்தை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். நிமிர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காணிக்கார மரியோ நின்றுகொண்டிருந்தார். மன்னார் ஆள், காணி முழுக்க உள்ளிப்பூண்டு நட்டிருக்கிறார், ஒரு நாளைக்கு ஒரு வசனம் பேசுவார்.

“என்னண்ணை புதைக்கிறியள்?”

“பசளை.”

மரியோ தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைய வசனம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குலசிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். “பாம்பை அடிச்சுப்போட்டன். மண்வெட்டியால. ஒரே போடு.”

மங்கையற்கரசி அகப்பையைக் கீழே வைத்தார். “ஒண்டைத்தானோ அடிச்சனீங்கள்?”

“ஓம், ஒண்டுதானே கிடந்தது.”

“அப்ப சோடி?”

குலசிங்கத்துக்கு இது தோன்றவே இல்லை.

“நாகத்தைத் தனிய அடிச்சா மற்றது அடிச்ச ஆளைத் தேடி வருமெண்டு உங்களுக்குத் தெரியாதே? ஐயோ, இனி உங்களை அங்க தனிய விடமாட்டன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானும் வருவன். துவக்கோட.”

ஒரு தடவை வரவிருந்த மனுசி இனி ஒவ்வொரு கிழமையும் வரப்போகிறார். குலசிங்கம் பேஸ்மென்ருக்குப் போய்ச் சீமோனுக்குப் போன் அடித்தார்.

“மச்சான், முடிஞ்சுது. நாளையிண்டைக்கு மனுசி வருது. மிளகாயில்லாத காணியைக் கண்டா வித்திடுவா. பிறகு நாங்கள் கடுதாசி விளையாட எங்க போறது?”

“என்ர பதினாலாம் மாடிக்கு வரலாம்.”

“அங்க உன்ர மனுசி இருக்கிறா.”

“ஓமடா,” என்று சீமோன் கவலையோடு ஒப்புக்கொண்டான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சீமோனுக்கு யோசனை வந்தால் ஓடித் தப்ப வேண்டும். ஆனால் குலசிங்கத்துக்கு ஓட இடமில்லை.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் இரண்டு பெரிய பை பச்சைமிளகாயோடு காணியில் இறங்கினார்கள். காய்ந்துபோய் நின்ற செடிகளில் பச்சை நூலால் மிளகாய் கட்டினார்கள். செடி முடிந்தபிறகும் மிளகாய் மிச்சமிருந்தது. சீமோன் புல்லிலும் கட்டினான். வேலிக் கம்பியிலும் இரண்டைக் கட்டினான்.

“வேலியில மிளகாய் காய்க்குமோடா?”

“கொடி மிளகாய் எண்டு சொல்லு.”

சனிக்கிழமை காலையில் மங்கையற்கரசி செம்மஞ்சள் அங்கி, ரப்பர் பூட்ஸ், காதுக்கு மூடி, தோளில் துவக்கு உறை என்று காரை விட்டு இறங்கினார். கொட்டிலடியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி மூன்று பேர் எழும்பி நின்றார்கள். சீமோனின் கையில் ஆறு கடுதாசி இருந்தன.

“வாங்கோ தங்கச்சி. நாங்கள் மிளகாய் புடுங்க வந்தனாங்கள்.”

“கடுதாசியாலயோ?”

சீமோன் கடுதாசியால் முகத்துக்கு விசிறிக்கொண்டான்.

மங்கையற்கரசி செடி வரிசை வழியே நடந்தார். குலசிங்கம் மூச்சை விடாமல் பின்னால் போனார். ஒரு செடியடியில் மங்கையற்கரசி குனிந்தார். ஒரு மிளகாயைப் பிடித்து மெதுவாக இழுத்தார். மிளகாய் வந்தது. அதன் பின்னால் முக்கால் முழம் நூலும் வந்தது. அதன் பின்னால் செடியும் வந்தது.

“இஞ்சருங்கோ,” என்று மங்கையற்கரசி திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துச் சீமோன் அலறினான். “பாம்பு! குலம், பாம்படா!”

கொட்டிலுக்குப் பக்கத்து மண்மேட்டில், படம் விரித்தபடி, ஒரு நாகம் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

குலசிங்கத்தின் மூளை இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது. தன்னுடைய பாம்பு குழிக்குள் கிடக்கிறது. புதைத்தவை தன்னுடைய இதே கைகள். அப்படியென்றால் இது? அடித்த ஆளைத் தேடி…

அடுத்த கணம் அவர் மேசைக்கு மேலே நின்றார்.

“மங்கை! சுடும்! சுடும்! நான் வச்சது ரப்பர், அதைப் புதைச்சாச்சு! இது உண்மைப் பாம்பு! மிளகாய் ஸ்காபரோவில வாங்கினது! வருசம் முழுக்க வாங்கினது! சனிக்கிழமையில கடுதாசிதான் விளையாடினனாங்கள்! எல்லாம் பிறகு சொல்லுறன், முதல்ல சுடும்!”

“எல்லாரும் எனக்குப் பின்னால நில்லுங்கோ,” என்றார் மங்கையற்கரசி, டேகெயாரில் பிள்ளைகளை வரிசையில் விடுகிற அதே குரலில். நாலு கிழவர்களும் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். அவர் உறையைத் திறந்தார். தோட்டாவை இட்டார். மண்மேட்டுக்குப் பின்னால் ஆளில்லை என்று நிதானமாகப் பார்த்தார். காதுமூடியைச் சரிசெய்தார். சிரித்த முகத்தோடு கன்னத்தைத் துவக்கில் வைத்தார்.

வெடிச்சத்தத்துக்கு வேலியில் காய்த்திருந்த மிளகாயும் விழுந்தது.

புகை அடங்கியபோது எங்கும் கறுப்பும் மஞ்சளுமாகத் துண்டுகள் கிடந்தன. ஒரு துண்டு கறிச்சட்டிக்குள் விழுந்து மிதந்தது. சீமோன் அகப்பையால் அதை எடுத்து, நசித்து, மணந்து பார்த்தான்.

“குலம், இதுவும் ரப்பரடா.”

குலசிங்கம் மங்கையற்கரசியைப் பார்த்தார். மங்கையற்கரசி துவக்கைத் திறந்து, வெறும் தோட்டாவைத் தட்டி எடுத்து, அங்கிப் பொக்கற்றுக்குள் பத்திரமாகப் போட்டார். சோலால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

அப்போது வேலியை விலக்கிக்கொண்டு மரியோ வந்தார். அவருடைய கையில், மண் அப்பிய இன்னொரு நாகம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் வெள்ளையாக ஒரு டொலர் கடை லேபிள் அப்படியே ஒட்டியிருந்தது. குலசிங்கத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேரே மங்கையற்கரசியிடம் போய், அன்றைக்குரிய தன் ஒரு வசனத்தைச் சொன்னார்:

“அக்கா, நீங்கள் மேட்டில வைக்கச் சொல்லித் தந்த புதுசு போனாப் போகட்டும், வைகாசியில நீங்கள் தூக்கி லேபிளைப் பாத்துச் சிரிச்ச பழசு இந்தா இருக்கு, துவக்குத்தான் வாங்கியாச்சே, இனி உதைக் கடையில திருப்பிக் குடுக்கிறியளே?”