வந்துகொண்டிருக்கும் ஏ

கணிப்பு மறுப்பாளர் என்று ஒரு இனம் உண்டு. வருஷம் முழுக்கப் பொந்துக்குள் கிடந்துவிட்டு, அக்டோபர் பிறந்ததும் பள்ளிக்கூட நடைவழிகளில் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு திரிய ஆரம்பிக்கும். பார்த்ததும் ஓட வேண்டாம், கடிக்காது. பேசும். அதுதான் ஆபத்து.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில், பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில், அடுத்த கோடையில் எழுதப்போகிற பரீட்சைக்கு என்ன கிரேடு வரும் என்று ஆசிரியர்கள் இப்போதே கணித்துச் சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழகம் அதை வைத்துத்தான் உன்னை உள்ளே கூப்பிடுவதா, ஜன்னல் வழியாகவே கையசைத்து அனுப்புவதா என்று முடிவு செய்யும். சாதாரணப் பிள்ளை தன் கிரேடைப் பார்க்கும், பெருமூச்சு விடும், அந்த அளவுக்கு ஏற்ற படிப்பாகத் தேடிக்கொள்ளும். நம் ஆள் பார்ப்பார், சிரிப்பார், மூன்று ஏ கேட்கிற படிப்புக்கு பி, பி, சி-யோடு கிளம்பிவிடுவார், பத்திரிகையே வராத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு அப்பளம் கேட்கிறவர் மாதிரி.

பர்ன்லி என்கிற ஊரில் இந்த இனத்தின் தலைவன் கோரி கிரிம்ஷா. பேரிலேயே கோரிக்கை. அவன் குறிவைத்தது கால்நடை மருத்துவத்துக்கு. வேதியியலில் பி, உயிரியலில் பி, கணக்கில் சி. அவன் கண்ணுக்கு அவை அப்படித் தெரியவில்லை. பி என்பது வந்துகொண்டிருக்கும் ஏ. சி என்பது கொஞ்சம் தூரத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் ஏ. வழியில் டிராபிக்.

வேதியியல் சொல்லித்தருகிறவர் மிஸஸ் என்ட்விசில். பிள்ளைகளுக்கு விசில் மிஸ். கோரி ஒரு நாள் மத்தியானம் அவர் அறைக்குள் நுழைந்து, கிரீம் பிஸ்கட்டை மேசையில் வைத்தான்.

"மிஸ், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பி தான், கோரி."

"நான் இன்னும் எதுவுமே கேக்கலையே மிஸ்."

"பிஸ்கட் கேட்டுது."

"கணிப்புன்னா என்ன மிஸ்? வானிலை அறிக்கை மாதிரிதானே? மழைன்னு சொல்றாங்க, பெய்யவா செய்யுது?"

விசில் மிஸ் ஜன்னலைப் பார்த்தார். பர்ன்லியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோரியின் தலையிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இனம் இதற்கெல்லாம் அசருமா? அசராது. வானிலை போனால் என்ன, உதாரண புருஷன் இருக்கிறான். இந்த இனத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு உதாரண புருஷன் உண்டு. அவனை யாரும் நேரில் பார்த்ததில்லை. யாரோ ஒருவருடைய மச்சினனின் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு சி வாங்கிவிட்டு ஒரே ஒரு உருக்கமான கடிதம் எழுதி உள்ளே போய், இப்போது ராஜாவின் குதிரைக்கே ஊசி போடுகிறான். அவன் பேர் என்ன என்று கேட்டால் மட்டும் பேச்சு சட்டென்று மாறும்.

"இது வரைக்கும் நடந்ததை வச்சுத்தான் நான் சொல்ல முடியும்," என்றார் விசில் மிஸ். "உன் மாதிரித் தேர்வைப் பாத்தியா?"

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."

"அதுக்கு முந்தின தேர்வு?"

"அதே ஜலதோஷம்தான் மிஸ். நடுவுல விடவே இல்லை."

அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு. கோரியின் அம்மா டெனிஸ், தான் வேலை பார்க்கிற, 'பை' என்கிற இறைச்சிப் பணியாரம் விற்கும் கடையிலிருந்து நேராக, கோட்டில் மாவோடு வந்து உட்கார்ந்தார். இந்த இனத்துத் தாய்மார்களிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. இங்கிலாந்தைத் தாண்டினால் அது வேலை செய்யாது.

"அவன் ஆகஸ்ட்ல பொறந்தவன், மிஸ்."

அதாவது வகுப்பிலேயே சின்னவன்; அங்கே பள்ளியில் சேர்க்கும் வயதை செப்டம்பரிலிருந்து எண்ணுவார்கள். செப்டம்பரில் பிறந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதிகமாக வளர்ந்து நிற்க, இந்தப் பிஞ்சு அவர்களோடு போட்டி போடுகிறது. ஷூ லேஸ் கட்டத் தெரியாதபோது இதைச் சொன்னார்கள், நியாயம். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தபோது சொன்னார்கள், சரி. இப்போது பிஞ்சுக்கு ஆறடி உயரம். தாடி.

"அம்மா, விடும்மா," என்றான் தாடி.

"நீ சும்மா இரு கண்ணு. மிஸ், இவன் சனிக்கிழமை வேலைக்குப் போற மிருக ஆஸ்பத்திரியில மூணு கால் வேட்டை நாய் ஒண்ணு இருக்கு. டாக்டரையே கடிச்சிருக்கு. இவன்கிட்ட மட்டும்தான் நகம் வெட்டிக்கும். மத்தவங்க வந்தா இவன் அக்குள்ல மூஞ்சியை வச்சு ஒளிஞ்சுக்கும்."

விசில் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இதை விண்ணப்பக் கட்டுரையில எழுதினியா?"

"அதெல்லாம் எதுக்கு மிஸ்? 'தணியாத ஆர்வம்'னு நாலு இடத்துல எழுதியிருக்கேன்."

"மூணை எடு. நாயைப் போடு. கிரேடு பி தான்."

நாயைப் போட்டான். கால்நடை மருத்துவத்துக்கு நான்கு இடங்களில்தான் விண்ணப்பிக்கலாம். மூன்று பல்கலைக்கழகங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே மரியாதையாகக் கைகழுவின. நான்காவது, நேர்காணலுக்கு வரச் சொன்னது. இனி பாக்கி இருப்பது அது ஒன்றுதான்.

டெனிஸ் இஸ்திரி போட்ட சட்டையில் கோரி போய் உட்கார்ந்தான். எதிரே டாக்டர் பெல்தம் என்ற அம்மாள், சாணி மணக்கும் பூட்ஸோடு. மேசையில் படுத்துக் கிடக்கிற ஒரு பசுவின் படத்தை வைத்தார்.

"கன்னு போட்டிருக்கா. அன்னிலேருந்து எழுந்திரிக்கலை. சாப்பிடலை, காது ஜில்லுன்னு இருக்கு. நாளைக்கு என்ன ஆகும்னு நினைக்கிறே?"

வாசகரே, மூன்று மாதமாக இவன் ஊரெல்லாம் சொன்னது என்ன? நடந்ததை வைத்து நடக்கப்போவதைச் சொல்லவே முடியாது என்று. இதோ அதைச் சொல்ல அருமையான இடம். கோரி படத்தை உற்றுப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், விசில் மிஸ்ஸே தோற்றுப்போகிற குரலில் சொன்னான்:

"இல்லை டாக்டர். எழுந்திரிக்க மாட்டா. இது வரைக்கும் நடந்ததை வச்சுத்தானே சொல்ல முடியும்?"

டாக்டர் பெல்தம் அவன் விண்ணப்பத்தைப் பார்த்தார். பி, பி, சி. அவனைப் பார்த்தார். கோரிக்கு அப்போதுதான் புரிந்தது. காது சிவந்தது.

"கால்சியம் ஊசி போட்டோம்," என்றார் அவர். "மறுநாள் எழுந்து நின்னா."

தப்பாகச் சொன்னவன் முகம் தொங்க வேண்டாமா? இவன் முகம் மலர்ந்துவிட்டது. நேர்காணல் மறந்தது, மேசை மேல் சாய்ந்துவிட்டான்.

"நிஜமாவா? சாப்பிட்டாளா? கன்னு எப்படி இருக்கு?"

"கன்னு எல்லாரையும் முட்டுது," என்றார் டாக்டர் பெல்தம், எதையோ எழுதிக்கொண்டே.

பிப்ரவரியில் பதில் வந்தது. இடம் உண்டு, மூன்று ஏ வாங்கினால். அரை மார்க் சலுகை கிடையாது. டெனிஸ் தன் பை கடையில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். கோரி ஒரு நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். மறுநாள் காலை பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளும் கிடைக்காவிட்டால் பழி போட ஒரு விசில் மிஸ் இருந்தார். இப்போது யாரோ நம்பித் தொலைத்துவிட்டார்கள். கணிப்பு மறுப்பாளருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் எதுவும் வர முடியாது.

பிஸ்கட் இல்லாமலே வேதியியல் அறைக்கு ஓடினான்.

"மிஸ், நான் ஏ வாங்க மாட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"பி-ன்னு சொன்னேன்."

"இப்பவும் அதேதானே?"

விசில் மிஸ் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். "தெரியலை, கோரி."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க மிஸ், பயமா இருக்கு."

"உக்காரு. முதல் பாடத்துலேருந்து எடு."

உட்கார்ந்தான். ஈஸ்டர் விடுமுறையிலும் உட்கார்ந்தான். புத்தகத்தின் அட்டை கிழிந்தது. அந்தப் புத்தகத்துக்கே அது புது அனுபவம்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. என்ன வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? யோசிக்காமல் சொல்லுங்கள்.

கிடைத்திருக்கும் என்றுதானே வாயில் வந்தது? எதை வைத்துச் சொன்னீர்கள்? இரண்டு வருஷ மார்க்கையும் பார்த்தீர்கள், ஓயாத ஜலதோஷத்தையும் பார்த்தீர்கள், கேட்ட ஒரே கேள்விக்கு அவன் தப்பான பதில் சொன்னதையும் பார்த்தீர்கள். முன்பின் தெரியாத ஒரு கன்றுக்குட்டியை விசாரித்தான் என்பதற்காக மூன்று ஏ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். பிஸ்கட் பொட்டலம் உங்கள் கையில்தான் இருக்கிறது, குனிந்து பாருங்கள்.

வந்தது ஏ, ஏ, பி. பி கணக்கில். பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்ட கோரியிடமிருந்து டெனிஸ் தொலைபேசியைப் பிடுங்கி, பிள்ளை ஆகஸ்டில் பிறந்தவன் என்று ஆரம்பிப்பதற்குள், எதிர்முனையில் "அந்த பி பரவாயில்லை, வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டார்கள். உடனே நீங்கள் "நான் அப்பவே சொன்னேன்" என்று கிளம்புவீர்கள். கிளம்புங்கள். நம் இனத்தில் யாரும் சும்மா இருந்ததில்லை.